பெரியப்பாவின் சித்ரோயனும் கழலாத போல்ட்டும்

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு கறுப்பு சித்ரோயன் கார் இருந்தது. 'த்ராக்சியோன் அவான்' என்று அந்த வகைக்குப் பெயர். பின் சக்கரம் தள்ளாமல் முன் சக்கரம் இழுத்துப் போகிற வண்டி என்று பொருள். 1934 முதல் 1957 வரை பிரான்சில் செய்தார்கள். புதுச்சேரியில் அப்போது இப்படிப்பட்ட பிரெஞ்சு வண்டிகளைப் பார்க்கலாம். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

1962 ஆகஸ்டு 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவில் இருந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் இப்படி இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். இதைப் பற்றி அவர்கள் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. பேசிக்கொண்டதாகவும் நினைவில்லை.

1963-ல் பெரியப்பா பிரான்சுக்குப் புறப்பட்டபோது வண்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. வண்டி கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் ஆறு வருஷம் நின்றது. கடற்கரை ஊரில் ஆறு வருஷம் நின்ற இரும்பு என்ன கதியாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும்.

1969 கடைசியில் கடிதம் வந்தது. பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார். அப்பா அன்றைக்கே வண்டியை வெளியே தள்ளச் சொன்னார். இடப்பக்க முன் மட்கார்டு அடியில் அரித்திருந்தது. அதைக் கழற்றினால்தான் பற்றவைக்க முடியும். எனக்குப் பத்தொன்பது வயது. "மெக்கானிக் எதற்கு, நானே கழற்றுகிறேன்" என்றேன்.

பக்கத்துத் தெரு அம்பாசடர் டாக்சிக்காரரிடம் ஸ்பானர் இரவல் வாங்கினேன். நைன் சிக்ஸ்டீன், அதாவது அங்குலத்தைப் பதினாறாக வகுத்து அதில் ஒன்பது. போல்ட் தலையில் மாட்டிப் பார்த்தேன். கொஞ்சம் லொடலொடத்தாலும் உட்கார்ந்தது. சீமெண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து திருகினேன். அசையவில்லை. ஸ்பானர் பிடியில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி என் முழு எடையையும் போட்டேன். முதல் போல்ட்டின் தலை முனை மழுங்கி உருண்டையாகிவிட்டது. இரண்டாவதில் ஸ்பானரின் வாயே விரிந்துவிட்டது. மூன்றாவது டக்கென்று முறிந்து தலை மட்டும் என் காலடியில் விழுந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் வண்டிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தத் தலை பதினான்கு மில்லிமீட்டர். என் கையில் இருந்த ஸ்பானரின் வாய் 14.29 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலான இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

ஆதியில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்களைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, 1841-ல் ஓர் ஒழுங்கைச் சொன்னார். மரையின் கோணம் 55 பாகை, அளவு அங்குலம். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் வேறு ஒன்று சொன்னார். கோணம் 60 பாகை, வெட்டுவது சுலபம். பிரான்சோ புரட்சிக் காலத்திலேயே மீட்டருக்கு மாறிய நாடு. அங்குலத்தை ஏற்குமா? 1898-ல் சூரிக் நகரில் கூடிய மாநாட்டில் மில்லிமீட்டர் மரைக்கு வடிவம் கொடுத்தார்கள். கோணத்தை மட்டும் அமெரிக்கரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போல்ட்டும் அமெரிக்க நட்டும் ஒன்றோடொன்று சேராமல் பட்டபாட்டுக்குப் பிறகு, 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே அங்குல மரைக்கு ஒப்புக்கொண்டன. அப்போதும் அங்குலம்தான். மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த நம் அம்பாசடருக்கும் அதே அங்குலக் கணக்கு வந்தது. பியட் வைத்திருந்தவரிடம் இரவல் கேட்டிருந்தால் மில்லிமீட்டர் ஸ்பானர் கிடைத்திருக்கும். எனக்கு அந்தப் புத்தி இல்லை. இந்திய அரசு 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவைக்கு மாறியிருந்தும், பட்டறைப் பெட்டிக்குள் அங்குலம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இதில் ஒரு வேடிக்கை. வாயைத் திருகிப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் ஸ்பானருக்குப் பிரெஞ்சில் 'கிளே ஆங்கிளேஸ்' என்று பெயர். ஆங்கிலச் சாவி என்று அர்த்தம். எந்த அளவுக்கும் சரியாக உட்காராத கருவிக்கு ஆங்கிலேயன் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் பள்ளியில் சிரிப்போம்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வயதான மேஸ்திரி வந்தார். பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "தம்பி, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவிலே ஊதி இறுக்கிட்டு உக்காந்திருக்கு. அதை மிரட்டக் கூடாது, கரைக்கணும்" என்றார். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். சீமெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு சின்னச் சுத்தியலால் போல்ட் தலையில் நேராகப் பத்து இருபது தட்டு. அதிர்ச்சியில் துருவில் விரிசல் விழும், அந்த விரிசல் வழியே எண்ணெய் இறங்கும் என்றார். "காலை, மதியம், சாயங்காலம் இதையே செய். நாளை மறுநாள் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் ஒரு காப்பி நேரத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

மறுமுறை வந்தபோது பதினான்காம் நம்பர் ரிங் ஸ்பானர் கொண்டுவந்தார். வாய் திறந்த ஸ்பானர் தலையை இரண்டு பக்கம்தான் பிடிக்கும். ரிங் சுற்றிவளைத்துப் பிடிக்கும். அவர் முதலில் திருகியது கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம். ஒரு மயிரிழை. துருவின் பிடி விட்டது. பிறகு கால் சுற்று கழற்றி, திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றினார். கிறீச் என்றால் உடனே நிறுத்துவார். அந்தச் சத்தத்துக்கு மேல் போனால் முறியும் என்பார். பிடிவாதம் பிடித்த ஒன்றுக்கு எண்ணெயைத் துடைத்துவிட்டு, ப்ளோ லாம்ப்பால் நட்டை மட்டும் சூடாக்கினார். நட்டு விரிய வேண்டும், போல்ட் விரியக் கூடாது. சூட்டோடு மெழுகுவர்த்தியை மரையில் தொட்டார். உருகிய மெழுகு உள்ளே ஓடியது. பெட்ரோல் டாங்கி பக்கம் இந்த வேலையே கூடாது என்று எச்சரித்தார்.

குழாயைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு ஸ்பானரின் நீளமும் அதன் போல்ட்டின் தாக்குப்பிடிக்கும் சக்திக்கு ஏற்றபடி செய்தது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலமும் இரட்டிப்பாகும், இரண்டில் எது மெலிந்ததோ அது போகும் என்றார். அந்த போல்ட்டின் உடம்பு எட்டு மில்லிமீட்டர்தான். நான் மாட்டைக் கட்டும் கயிற்றில் யானையைக் கட்டியிருக்கிறேன்.

தலை மழுங்கியதில் ஒரு நம்பர் சின்ன பாக்ஸை அடித்து ஏற்றிக் கழற்றினார். முறிந்த துண்டின் நடுவில் ஓட்டை போட்டு, பழைய அரத்தின் சதுர வாலை அதில் அறைந்து திருகினார். துண்டு வந்தது, ஆனால் உள்மரையும் பாதி வந்துவிட்டது. பிரெஞ்சு மரையில் இனி எதுவும் நிற்காது. ஓட்டையைப் பெரிதாக்கி, மூன்று எட்டு அங்குல மரை வெட்டி, அம்பாசடர் போல்ட் ஒன்றைப் போட்டார். டாக்சிக்காரருக்குப் புது ஸ்பானர் வாங்கிக் கொடுத்தது என் முதல் கடன்.

இப்போது பேரன் டப்பாவை எடுத்து 'டபிள்யூடி-40' அடித்துவிட்டு, ஒரு நிமிஷத்தில் கழலவில்லை என்று சலித்துக்கொள்கிறான். அது 1953-ல் அமெரிக்காவில் சான் டியேகோவில் நாற்பதாவது முயற்சியில் அமைந்த கலவை. அட்லஸ் ஏவுகணையின் தோலில் ஈரம் ஏறாமல் காக்கச் செய்தது. வேலை செய்யும்தான். ஆனால் அதற்கும் ஓர் இரவு வேண்டும்.

பெரியப்பா பொங்கலுக்கு வந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடப்பக்க மட்கார்டு அருகே குனிந்து விரலால் தடவினார். படையில் இருந்தவர், கண்ணுக்குத் தப்பாது.

"இது நம்ம போல்ட் இல்லையே?"

"உள்ளூர் போல்ட்டு அண்ணே," என்றார் அப்பா. "மத்ததெல்லாம் உங்களுதுதான்."

பெரியப்பா சிரித்தார். இருவரும் வண்டியில் ஏறிக் கடற்கரை வரை போய்வந்தார்கள். நான் பின் சீட்டில்.

பின்னாளில் வண்டியை விற்றபோது வாங்கியவரிடம் மறக்காமல் சொன்னேன்: இடப்பக்கம் மேலிருந்து மூன்றாவதுக்கு மட்டும் நைன் சிக்ஸ்டீன் போடுங்கள், மற்றதுக்கெல்லாம் பதினான்கு.