துதியும் சாட்சியும்: பிலடெல்பியா, 1808 ஜனவரி 1



துன்பத்திலிருந்து மீண்டவர் கடவுளைத் துதிப்பது கிறித்தவ வழக்கம். நம் சபைகளில் இதைச் ‘சாட்சி சொல்லுதல்’ என்பார்கள். நோயிலிருந்து பிழைத்தவர், கடனிலிருந்து மீண்டவர் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லி, ஸ்தோத்திரம் என்று முடிப்பார். இயக்கத்தில் இருக்கும் நம்மில் பலர் இந்த வழக்கத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். போராடிப் பெற்றதைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டால் போராடியவர் எங்கே போவார்? கொடுமை செய்தவர் தப்பிவிட மாட்டாரா? கேள்வி நியாயமானது. விடை தேட, அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் துதியை எப்படி நடத்தினார்கள் என்று பார்ப்போம்.

அப்சலோம் ஜோன்ஸ் 1746இல் டெலவேரில் அடிமையாகப் பிறந்தவர். அவருக்குப் பதினாறு வயதானபோது தாயையும் உடன்பிறந்தவர்களையும் விற்றுவிட்டு, அவரை மட்டும் எஜமான் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனான். அங்கே மணம் முடித்த ஜோன்ஸ், கடனும் நன்கொடையும் திரட்டி முதலில் மனைவியின் விடுதலையை வாங்கினார். தாய் அடிமையாக இருந்தால் பிறக்கும் பிள்ளையும் அடிமை என்பதுதான் சட்டம். கடனை அடைக்க நள்ளிரவு வரை உழைத்தார். அவருக்கு விடுதலை கிடைத்தது 1784இல்தான்.

அந்நகரத்தின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பினத்தவர் திரளாகச் சேர்ந்தார்கள். கூட்டம் பெருகியதும் அவர்களை மாடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிறன்று ஜெபம் நடந்துகொண்டிருந்தபோதே, முழங்காலில் நின்ற ஜோன்ஸைப் பிடித்துத் தூக்கினார் ஆலய நிர்வாகி ஒருவர். ஜெபம் முடியும்வரை பொறுக்கும்படி ஜோன்ஸ் கேட்டார். நிர்வாகி பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தவர் கூட்டமாக வெளியேறினார்கள். தனி இருக்கையையும் தனிக் கல்லறையையும் கண்ட நமக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

வெளியேறியவர்கள் 1794இல் இரண்டு ஆலயங்களைத் திறந்தார்கள். ஒன்று ரிச்சர்ட் ஆலனின் பெத்தேல். மற்றொன்று ஜோன்ஸின் செயின்ட் தாமஸ் ஆப்பிரிக்க ஆலயம். பின்னது எபிஸ்கோப்பல் திருச்சபையில் சேர்ந்தது. சேர்த்துக்கொண்ட திருச்சபையோ, மறைமாவட்டப் பேரவையில் அதற்கு இடம் தர மறுத்தது.

இதற்கு முந்தைய ஆண்டு, 1793இல், அந்நகரத்தை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதிலும் பிணங்களை அடக்கம் செய்ததிலும் பெரும்பங்கு கறுப்பினத்தவருடையது. காய்ச்சல் அடங்கியதும், அவர்கள் அதிகக் கூலி பறித்தார்கள், திருடினார்கள் என்று மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் வரவு செலவுக் கணக்கோடு ஒரு சிறுநூல் அச்சிட்டுப் பதில் சொன்னார்கள். நடந்ததை நாமே எழுதாவிட்டால் நமக்கு எதிராக எழுதப்படும் என்பதை அவர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள்.

வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடைசெய்யும் சட்டம் 1808 ஜனவரி 1இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அன்று செயின்ட் தாமஸ் ஆலயத்தில் ஜோன்ஸ் நன்றியறிதல் அருளுரை ஆற்றினார். எடுத்துக்கொண்ட வேதபாகம் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம்: எகிப்தில் அடிமைப்பட்டோரின் கூக்குரலைக் கேட்டு ஆண்டவர் இறங்கிவரும் இடம்.

அந்த உரையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஜோன்ஸ் நேராக நன்றிக்குப் போகவில்லை. கடவுள் எதையெல்லாம் கண்டார் என்று பட்டியலிடுகிறார். ஆட்களைப் பிடிப்பதற்காகவே ஆப்பிரிக்காவில் மூட்டிவிடப்பட்ட போர்களைக் கண்டார். மனிதரை வாங்க அற்பப் பொருள்களை ஏற்றிவந்த கப்பல்களையும், காற்றில்லாமல் அடித்தளத்தில் மடிந்தவர்களையும் கண்டார். துறைமுகத்தில் மாடு குதிரைபோல் நிறுத்தி விற்கப்பட்டவர்களையும், வெயிலில் அரைவயிற்றோடு வயலில் விரட்டப்பட்டவர்களையும் கண்டார். இத்தனையும் சொன்ன பிறகே துதி வருகிறது. ஆகவே அது துதியாக இருக்கும்போதே குற்றப்பத்திரிகையாகவும் இருக்கிறது.

இறுதியில் மக்களின் கடமைகளைச் சொல்கிறார். கடவுளுக்கு நன்றி, இன்னும் அடிமைகளாக இருப்பவர்களுக்காக ஜெபம், நல்ல நடத்தை, உதவியவர்களுக்கு நன்றி. கடைசியாக, ஆண்டுதோறும் ஜனவரி 1ஐ நன்றி நாளாகக் கொண்டாடி, பட்ட துன்பத்தின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கடத்த வேண்டும் என்கிறார்.

உரையில் பணிவு அதிகம் என்று நாம் சொல்லலாம். சட்டமும் அரைகுறைதான். உள்நாட்டு அடிமை விற்பனையை அது தொடவில்லை. 1810 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 12 லட்சமாக இருந்த அடிமைகள், 1860இல் ஏறத்தாழ 40 லட்சம் ஆனார்கள். தென் மாநிலங்களில் ஜனவரி 1 அடிமைகளை ஆண்டுக் குத்தகைக்கு அனுப்பும் நாள். குடும்பங்கள் பிரிந்த நாள். ஜோன்ஸ் கேட்ட கொண்டாட்டமும் சில ஆண்டுகள் நடந்து மங்கிப்போனது.

ஆனால் அந்த நாள் திரும்பி வந்தது. 1862 டிசம்பர் 31 இரவு, லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை எதிர்பார்த்துக் கறுப்பின மக்கள் ஆலயங்களில் விழித்திருந்தார்கள். விடிந்தால் ஜனவரி 1. கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகளுக்கு மட்டுமே அந்தப் பிரகடனம் பொருந்தியது. நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிய 1865 ஆனது. இன்றும் அவர்களது ஆலயங்களில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அந்தக் காத்திருப்பு நினைக்கப்படுகிறது.

அதே இரவில் நம் சேரிகளின் ஆலயங்களும் நிறைகின்றன. கடந்த ஆண்டில் காத்தவருக்கு நன்றி சொல்கிறோம். அந்த நன்றியில் நம் வரலாறு எவ்வளவு இடம்பெறுகிறது? பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணை பெரும்பாலும் இந்து தலித்துகளையே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ தலித்துகள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். நம் சாட்சிகளில் இது வருகிறதா? 1818 ஜனவரி 1இல் போரிட்ட மகர் வீரர்களை நினைக்க, 1927இல் அதே நாளில் அண்ணல் அம்பேத்கர் கோரேகானுக்குப் போனார். தேதி ஒத்துப்போனது தற்செயல். ஆண்டின் முதல் நாளை நினைவின் நாளாக்க வேண்டும் என்ற தேவை மட்டும் இரு மக்களுக்கும் பொது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பாட்டிமார் சபையில் சொல்லும் சாட்சிகளைக் கேட்டு எழுதிவையுங்கள். எந்தப் பண்ணையில் உழைத்தார்கள், யார் அடித்தார்கள், எந்த வழியில் நடக்க விடவில்லை என்பதெல்லாம் அந்த ஸ்தோத்திரங்களுக்கு நடுவே இருக்கிறது. வேறு எந்த ஆவணத்திலும் அது இல்லை.