முடிவுறாத கிணறுகள்: நெடுவாசலும் இந்திய எண்ணெய் மீட்புக் கொள்கையின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் 2017ஆம் ஆண்டு நடைபெற்ற ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்தை, முன்னரே கண்டறியப்பட்ட எண்ணெய் வயல்களை மீண்டும் பயன்படுத்தும் கொள்கைகளின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கரியமில வாயுவைச் செலுத்தி எண்ணெயை மீட்கும் முறையைச் சான்றாகக் கொண்டு, பழைய கிணறுகள் குறித்த சட்டநிலை இன்னும் தெளிவு பெற வேண்டியுள்ளது என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நெடுவாசல், காவிரிப் படுகை, மேம்பட்ட எண்ணெய் மீட்பு, கரியமில வாயு, வேளாண் மண்டலம்.

முன்னுரை

எண்ணெய் வரத்து நின்றவுடன் ஒரு கிணற்றின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. புதிய நுட்பம், சந்தை விலை, அரசின் சலுகை ஆகிய மூன்றும் கூடிவரும்போது, கைவிடப்பட்ட வயல் மீண்டும் மதிப்புப் பெறுகிறது. நெடுவாசல் போராட்டம் 2017 பிப்ரவரியில் தொடங்கிய நிகழ்வாகவே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. ஆயின் அதன் வேர்கள் அதற்கு முன்னரே அப்பகுதியில் தோண்டப்பட்ட கிணறுகளில் உள்ளன.

காவிரிப் படுகையில் எண்ணெய்த் தேடல்

1956ஆம் ஆண்டு எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் (ஓஎன்ஜிசி) அமைக்கப்பட்டது. காவிரிப் படுகையில் அதன் முதல் ஆழ்கிணறு 1964இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. 1985இல் நரிமணத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டதும், 1993இல் நாகப்பட்டினம் அருகே சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியதும் அத்தேடலின் முக்கியக் கட்டங்களாகும். இப்படுகையின் தென்மேற்கு ஓரத்தில் அமைந்த நெடுவாசல், நல்லாண்டார்கொல்லை, வடகாடு, கோட்டைக்காடு, வாணக்கன்காடு ஆகிய ஊர்களிலும் ஓஎன்ஜிசி ஆய்வுக் கிணறுகளை அமைத்தது. அவை தொடர் உற்பத்திக்கு வராமல் நின்றன. கிணறும் அதைச் சூழ்ந்த நிலமும் ஊர் நடுவே எஞ்சின.

எஞ்சிய எண்ணெயும் கரியமில வாயுவும்

எண்ணெய் எடுப்பு மூன்று நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. பாறையின் இயல்பான அழுத்தத்தாலும் இறைப்பாலும் கிடைப்பது முதல் நிலை. நீரையோ எரிவாயுவையோ செலுத்தி எண்ணெயைத் தள்ளுவது இரண்டாம் நிலை. வெப்பம், வாயு, வேதிப்பொருள் ஆகியவற்றால் எண்ணெயின் இயல்பையே மாற்றி எடுப்பது மூன்றாம் நிலை. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்புப்படி, முதல் நிலையில் ஏறத்தாழ 10 விழுக்காடும், இரண்டாம் நிலை வரை 20 முதல் 40 விழுக்காடும், மூன்றாம் நிலையையும் சேர்த்தால் 30 முதல் 60 விழுக்காடும் கிடைக்கக்கூடும்.

மூன்றாம் நிலை முறைகளுள் கரியமில வாயு செலுத்துதல் குறிப்பிடத்தக்கது. போதிய அழுத்தத்தில் அவ்வாயு எண்ணெயுடன் கலக்கிறது. எண்ணெய் பருத்து, பிசுக்குத் தன்மை குறைந்து, பாறைத் துளைகளிலிருந்து எளிதில் நகர்கிறது. எண்ணெயோடு மேலே வரும் வாயுவைப் பிரித்து மீண்டும் செலுத்துவர். ஒரு பகுதி நிலத்தடியிலேயே தங்கிவிடுகிறது. 1972இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கெல்லி-ஸ்னைடர் வயலில் இம்முறை பேரளவில் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு முதல் கனடாவின் வேபர்ன் வயலுக்கு, அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலுள்ள நிலக்கரி ஆலையின் கழிவு வாயு குழாய்வழி அனுப்பப்பட்டது. எண்ணெய் எடுக்கும் வழியாகத் தோன்றிய முறை, இவ்வாறு காலநிலைத் தீர்வு என்னும் பெயரையும் பெற்றது.

இம்முறையில் கவனத்திற்குரியது பழைய கிணறுகளின் உறுதியே. நீரில் கரைந்த கரியமில வாயு கார்பானிக் அமிலமாகி இரும்புக் குழாயையும் சிமெண்டுப் பூச்சையும் அரிக்கக்கூடும். எண்ணெய்ப் பாறை மிக ஆழத்தில் இருப்பினும், அதை எட்டும் கிணறு மேலுள்ள நிலத்தடி நீரடுக்குகளைத் துளைத்தே செல்கிறது. முறையாக மூடப்படாத கிணறு வாயுவும் உப்புநீரும் மேலேறும் வழியாகிவிடும்.

இந்தியக் கொள்கையின் திருப்பம்

ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா நிறுவனங்கள் கண்டறிந்தும் பயன்படுத்தாத 69 சிறு வயல்களைத் தனியாருக்குத் திறக்கும் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2015 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. 2016இல் வந்த புதிய உரிமக் கொள்கை, எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு அனைத்தையும் ஒரே உரிமத்தில் அடக்கியது. 2018 அக்டோபரில் ஏற்கப்பட்ட மேம்பட்ட மீட்புக் கொள்கை, ஒவ்வொரு வயலையும் அதன் மீட்பு வாய்ப்பிற்காக ஆய்வு செய்ய வேண்டும் என்றது. கூடுதல் உற்பத்திக்கு வரிச் சலுகையும் அறிவித்தது. 2019இல் ஓஎன்ஜிசியும் இந்தியன் ஆயிலும், குஜராத்தின் கொயாலி சுத்திகரிப்பு ஆலையில் வெளியாகும் கரியமில வாயுவைக் காந்தார் வயலில் செலுத்துவதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. கண்டறிந்த இடத்திற்கே மீண்டும் திரும்புதல் என்பதே இக்கொள்கைகளின் பொதுக்கூறு எனலாம்.

நெடுவாசல், 2017

2017 பிப்ரவரி 15 அன்று 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. அவற்றுள் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே அவ்வூரில் போராட்டம் தொடங்கியது. மார்ச் 9 அன்று அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. மார்ச் 27 அன்று ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானதைத் தொடர்ந்து, ஏப்ரல் 12 அன்று இரண்டாம் கட்டப் போராட்டம் தொடங்கி நூறு நாட்களைக் கடந்து நீடித்தது.

நெடுவாசல் ஒப்பந்தம் கரியமில வாயு முறையைப் பற்றியதன்று. ஆயினும் எந்த நுட்பம் பயன்படுத்தப்படும் என்னும் ஐயமே மக்களின் அச்சத்தில் மேலோங்கியது. அனைத்தையும் ஒரே உரிமம் அடக்கிய நிலையில் அவ்வையத்திற்கு அடிப்படை இருந்தது. காவிரிப் பாசனம் எட்டாத இப்பகுதியின் தென்னை, பலா, வாழை, மலர்ச் சாகுபடி ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியுள்ளது. எனவே கேள்வி நில அளவைப் பற்றியதாக இல்லாமல், நிலத்தின் அடியைப் பற்றியதாக அமைந்தது. திட்டம் களத்தில் செயற்படவில்லை.

2020ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சும் வினாவும்

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு, புதுக்கோட்டையின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் கடலூர் மாவட்டத்தின் சில ஒன்றியங்களும் இதில் அடங்கின. எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் தேடலும் துளையிடலும் எடுப்பும் தடை செய்யப்பட்டன. எனினும் சட்டம் வருமுன் நடந்துவந்த செயல்பாடுகளை அது தொடவில்லை. 2021 ஜூனில் மத்திய அரசு புதுக்கோட்டையின் வடதெரு வயலை ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவித்தார். மாநிலச் சட்டம் இருந்தும் வயல் பட்டியலில் இடம்பெற்றது சிந்திக்கத்தக்கது.

இச்சட்டம் தடுப்பது வெளியே எடுப்பதை. கரியமில வாயு முறையோ உள்ளே செலுத்துவதில் தொடங்குகிறது. எண்ணெய் எடுப்பதற்காகச் செலுத்தினால் அது தடைக்குள் வரும் என வாதிட இயலும். சேமிப்பிற்காக மட்டும் செலுத்தினால், தேடல், துளையிடல், எடுப்பு என்னும் மூன்று சொற்களும் அதனை நேரடியாகக் குறிக்கவில்லை. மேலும், பழைய கிணற்றைப் பயன்படுத்தினால் புதிதாகத் துளையிட வேண்டியதும் இல்லை.

முடிவுரை

நெடுவாசல் மக்கள் 2017இல் எதிர்கொண்டது புதிய கண்டுபிடிப்பை அன்று. முன்பு கைவிடப்பட்ட ஒரு கண்டுபிடிப்பின் மறுவருகையை. 2015 முதல் வந்த கொள்கைகள் அத்தகைய மறுவருகையை இயல்பான நடைமுறையாக்கியுள்ளன. எனவே புதிய கிணறுகளைத் தடுப்பது மட்டும் வேளாண் மண்டலத்திற்குப் போதிய பாதுகாப்பாகாது. பழைய கிணறுகள் எங்கெங்கு உள்ளன, அவை எவ்வாறு மூடப்பட்டன, மூடிய பின் அவற்றிற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பவற்றை ஊராட்சி அளவில் பொதுப் பதிவாக்குவதும், நிலத்தடியில் செலுத்துதலைச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்ப்பதும் இவ்வரலாறு உணர்த்தும் தேவைகளாகும்.