சலாகையும் விருப்பக்குறியும்: ஒப்புதலை எப்போது எண்ணுவது?

ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் இணைய விவாதக் குழு ஒன்றில் சென்ற மாதம் ஒரு கேள்வி எழுந்தது. புதிய தளத்துக்கு மாறும்போது ஒவ்வொரு பதிவின் கீழும் விருப்பக்குறி வைப்பதா, வேண்டாமா? தொழில்நுட்பம் சார்ந்த சிறு முடிவு என்றே பலரும் இதைக் கருதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கூடி விவாதிப்போர் தம் ஒப்புதலை எவ்வழியில் தெரிவிப்பது, அதை எவரெவர் காணலாம், எந்தக் கட்டத்தில் எண்ணலாம் ஆகிய கேள்விகளுக்கு இத்துணைக்கண்டத்தில் விரிவாக விதி வகுத்தவர்கள் உண்டு. அவர்கள் பௌத்தத் துறவியர். அவ்விதிகளைப் பாலி விநய பிடகம் பாதுகாத்து வைத்திருக்கிறது.

விதிகளுக்கு முன் ஒரு பூசலைச் சொல்ல வேண்டும். யமுனைக் கரையிலிருந்த கோசாம்பி நகரில் ஒரு பிக்கு செய்தது குற்றமா, இல்லையா என்று விவாதம் எழுந்தது. கழிப்பிடத்துப் பாத்திரத்தில் மிச்சத் தண்ணீரை விட்டுவந்ததே அச்செயல் என்று பிற்கால உரைகள் கூறுகின்றன. செய்தவர் முதலில் அதைக் குற்றமென ஒப்பினார், பின்னர் மறுத்தார். மறுத்ததற்காகச் சங்கத்தில் ஒரு பிரிவினர் அவரை விலக்கி வைத்தனர். அவர் தம் நண்பர்களை நாடினார். அவர்கள் அவர் பக்கம் நின்றனர். ஊர்தோறும் செய்தி அனுப்பி மேலும் ஆதரவாளரைத் திரட்டினார். விலக்கியவர்க்கும் ஒரு கூட்டம் சேர்ந்தது. மகாவக்கத்தின் பத்தாம் பகுதியைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். கதை நகர நகர, செய்த செயல் பின்னுக்குப் போய்விடுகிறது. எவர் பக்கம் எத்தனை பேர் என்பதே முன்னுக்கு வருகிறது. புத்தரே சமாதானம் பேசியும் பயனில்லை. அவர் அவ்விடம் விட்டு நீங்கி வனத்தில் தங்கினார் என்கிறது நூல். இறுதியில் கோசாம்பியின் இல்லறத்தார் அப்பிக்குகளை வணங்குவதையும் அவர்களுக்குச் சோறிடுவதையும் நிறுத்திக்கொண்டனர். அதன் பிறகே இரு தரப்பும் சாவத்திக்குச் சென்று வழக்கை முடித்துக்கொண்டன.

சங்கத்தின் முறையான கூட்டங்களில் ஒப்புதல் பெறப்பட்ட விதத்தை இப்பூசலின் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். ஒரு முன்மொழிவு, அதாவது ஞத்தி, அவையின் முன் வைக்கப்படும். செயலின் தன்மைக்கேற்ப ஒரு முறையோ மும்முறையோ அறிவிப்புச் செய்யப்படும். இதற்கு உடன்படுவோர் பேசாதிருக்க வேண்டும். உடன்படாதோர் பேச வேண்டும். எவரும் பேசவில்லையெனில் சங்கம் இசைந்தது என்று பொருள். 'உடன்படுதல்' என்று இங்கு நான் எழுதும் இடத்தில் பாலியில் நிற்பது 'கமதி' என்னும் வினை. 'எனக்கு இது பிடித்திருக்கிறது', 'எனக்கு இது ஏற்புடையது' என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. நோயுற்றுக் கூட்டத்துக்கு வர இயலாத பிக்கு தம் இசைவைப் பிறர் வழியாகச் சொல்லி அனுப்பலாம். அவ்விசைவின் பெயர் 'சந்த', அதாவது விருப்பம். ஆகவே 'விருப்பம்' என்ற சொல்லையே ஒப்புதலுக்குக் குறியீடாக்கியதில் முகநூல் முதன்மை கோர இயலாது.

சொல் ஒன்றாயினும் அமைப்பு நேர் எதிரானது. சங்கத்தில் விரும்புவோர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவையின் நேரமும் செவியும் மறுப்போருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. நம் தளங்களில் விரும்புவோரின் சுவடு எண்ணாகப் பதிகிறது. மறுப்போர் அவ்வெண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே தம் முதல் வரியை எழுத நேர்கிறது.

எண்ணிக்கையே அறியாதவர்களா அவர்கள் எனில், இல்லை. நேருக்கு நேர் பேசியும் தீராத, தேர்ந்தெடுத்த குழுவிடம் விட்டும் தீராத கருத்து வேறுபாட்டுக்குப் பெரும்பான்மை முறை ஒன்று வைத்திருந்தனர். அதற்குப் பயன்பட்டவை சலாகைகள். தமிழிலும் அச்சொல் மெல்லிய குச்சியையே குறிக்கும். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு நிறமெனச் சலாகைகள் செய்யப்படும். அவற்றைப் பகிர்ந்து திரும்பப் பெறுபவரைச் சங்கம் நியமிக்கும். விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்கின் வழிச் செல்லாதவராகவும், எது பெறப்பட்டது, எது பெறப்படவில்லை என்று அறியக்கூடியவராகவும் அவர் இருத்தல் வேண்டும்.

சலாகை பெறும் முறைகள் மூன்று. மறைவாகப் பெறுவது ஒன்று. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று, எந்நிறம் எக்கருத்துக்கு உரியது என்று சொல்லி, விரும்பியதை எடுக்கச் செய்து, எவரிடமும் காட்டாதிருக்கச் சொல்ல வேண்டும். காதோடு சொல்லிப் பெறுவது மற்றொன்று. வெளிப்படையாகப் பெறுவது மூன்றாவது. எந்த அவைக்கு எது பொருந்தும் என்பதற்கு உரை மரபு தரும் விளக்கம் சுவையானது. நாணமற்றோர் மிகுந்த அவையில் மறைவாகவும், நாணமுடையோர் மிகுந்த அவையில் வெளிப்படையாகவும், பேதையர் மிகுந்த அவையில் காதோடும் பெறுக என்கிறது. நம் பல்கலைக்கழகத் துறைக் கூட்டங்களுக்கு எது பொருந்தும் என்று இங்கே எழுதி வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை.

இவற்றினும் முக்கியம், சலாகை எடுப்பது எப்போது செல்லாது என்று சுள்ளவக்கம் அடுக்கும் பத்து நிலைகள். வழக்கு அற்பமானதாயின் செல்லாது. அது உரிய படிகளைக் கடந்து வராததாயின் செல்லாது. அவை பிளவுபடும் என்று தெரிந்து எடுத்தாலும், பிளவுபடட்டும் என்று எண்ணி எடுத்தாலும் செல்லாது. கட்சி கட்டி எடுத்தால் செல்லாது. தம் சொந்தக் கருத்துக்கு ஏற்ப எடுக்காவிட்டால் செல்லாது. கோசாம்பியில் நடந்த ஒவ்வொன்றும் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது போல் எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நூல் சொல்லவில்லை, அது என் வாசிப்பு. பிளவைப் பற்றிய அச்சம் சங்கத்தோடு நின்றுவிடவுமில்லை. சங்கத்தைப் பிளப்போருக்கு வெண்ணிற ஆடை உடுத்தி வெளியேற்றுமாறு கட்டளையிடும் அசோகரின் சாசனம் சாரநாத்திலும் சாஞ்சியிலும் கோசாம்பித் தூணிலும் பொறிக்கப்பட்டது.

இவ்விதிகளை நவீன ஆய்வுலகில் பரவச் செய்தோருள் காசி பிரசாத் ஜாயஸ்வால் முதன்மையானவர். 1924இல் வெளிவந்த அவருடைய 'இந்து பாலிட்டி' சலாகையில் வாக்குச்சீட்டையும் ஞத்தியில் தீர்மானத்தையும் கண்டது. இந்தியருக்குத் தன்னாட்சி பழகாதது என்ற காலனியக் கூற்றுக்கு மறுப்பாக அவ்வாசிப்பு அன்று தேவைப்பட்டது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் அம்பேத்கரும் சங்கத்தின் நடைமுறைகளை நினைவூட்டினார். இருக்கை முறை, தீர்மானம், குறைவெண், கொறடா, வாக்கு எண்ணிக்கை ஆகியவற்றை அவர்கள் அறிந்திருந்தனர் என்றார். அவையில் இருந்தோர்க்கு அது பெருமிதம் தந்திருக்கும்.

ஆனால் அந்த வாசிப்பு ஓர் இடறலைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. மறைவாகப் பெற்ற சலாகைகளை எண்ணும்போது, அறத்துக்கு மாறாகப் பேசுவோரே மிகுதி என்று கண்டால், பகிர்ந்தவர் அவ்வாக்கெடுப்பைச் செல்லாததாக்கிவிடலாம். அறத்தின் பக்கம் மிகுதியென்று முன்பே தெரிந்தால் வெளிப்படையாக நடத்தலாம். இன்றைய தேர்தல் ஆணையர் ஒருவர் இவ்வாறு செய்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். இதை மக்களாட்சி என்று அழைப்பது கடினம். எனினும் எண்ணிக்கை உண்மைக்குச் சான்றாகாது என்ற தெளிவு அவ்விதியில் இருக்கிறது. எண்ணுவதன் நோக்கத்தையும் நூல் வேறுவிதமாகவே சொல்கிறது. சாவத்தியில் தீர்க்கப்பட்ட வழக்கொன்றில் மனம் நிறைவுறாத பிக்குகள் விகாரம் விகாரமாக அலைந்து புத்தரிடம் வந்தபோது, அவர்களை ஆற்றுவித்து இணங்கச் செய்யவே மூவகைச் சலாகை முறை அனுமதிக்கப்பட்டதாம். வென்றவருக்கு வெற்றி அறிவிப்பது அங்கு நோக்கமாக இருக்கவில்லை.

தமிழர் இவ்விடத்தில் உத்திரமேரூரை நினைவுகூர்வது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையில் ஆதரவு எண்ணப்படவே இல்லை. தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அது குலுக்கல். நம் கேள்விக்கு அதனால் பயனில்லை.

நாடாளுமன்ற மரபு வேறொரு வழியில் வந்தது. அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் அச்சுப் பதிவில் உரைகளின் இடையிடையே அடைப்புக்குறிக்குள் ஆரவாரமும் கைதட்டலும் குறிக்கப்பட்டிருப்பதைப் படித்தவர் அறிவர். இன்றைய அவைகளில் மேசையைத் தட்டுவது அதன் தொடர்ச்சி. இவ்வொலி பேசுபவரைத் தூண்டும், சில வேளை தடுக்கும். ஆயினும் அது காற்றோடு போய்விடும். எவரும் அதை எண்ணித் தீர்மானத்தின் கீழ் எழுதி வைப்பதில்லை. முடிவு வேண்டும்போது விவாதம் மூடப்பட்டு, 'ஆம்', 'இல்லை' என்னும் குரல்கள் கேட்கப்படும். அவைத்தலைவரின் கணிப்பை எவரேனும் மறுத்தால் பிரிவினை வாக்கெடுப்பு நடக்கும். ஆரவாரம் விவாதத்தின் இடையில், எண்ணிக்கை விவாதத்தின் முடிவில். (1985இல் பத்தாம் அட்டவணை வந்தபின் கொறடாவின் ஆணைப்படியே உறுப்பினர் வாக்களிக்கிறார். சொந்தக் கருத்துக்கு ஏற்ப எடுக்காத சலாகை செல்லாது என்ற விதியை அங்கு நடைமுறைப்படுத்தினால் எத்தனை சட்டங்கள் மிஞ்சும் என்பது தனி ஆய்வுக்குரியது.)

விருப்பக்குறி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. 2009 பிப்ரவரியில் முகநூல் அதை அறிமுகப்படுத்தியபோது, 'நன்று' என்று மட்டும் எழுதும் ஒற்றைச் சொல் மறுமொழிகளுக்கு மாற்றாகவே அது தோன்றியது. கைதட்டலின் இலகுவும் வாக்கின் எண்ணிக்கையும் அதில் கூடின. பின்னர் எந்தப் பதிவு எவர் கண்ணில் முதலில் படவேண்டும் என்பதையும் அவ்வெண்ணே பேரளவில் பாதிக்கத் தொடங்கியது. விவாதம் தொடங்கிய நொடியிலேயே எண்ணிக்கையும் தொடங்கிவிடுகிறது. அற்பமான வழக்கு என்று எதுவும் விலக்கப்படுவதில்லை.

இதன் விளைவை அளந்தவர்கள் உண்டு. முச்னிக், ஆரல், டெய்லர் ஆகிய மூவரின் ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் தளம் ஒன்றில் லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகளைக் கொண்டு அவர்கள் சோதனை செய்தனர். தற்செயலாகத் தேர்ந்த சில கருத்துரைகளுக்கு, அவை வெளியானவுடன் ஒரே ஒரு ஆதரவுக் குறியைச் சேர்த்தனர். அடுத்துப் படித்தவர் ஆதரவளிக்கும் வாய்ப்பு 32 விழுக்காடு கூடியது. இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. பொய்யான எதிர்ப்புக் குறியைப் பிறர் திருத்திவிட்டனர்; பொய்யான ஆதரவை எவரும் திருத்தவில்லை. கோசாம்பியில் நண்பர்கள் திரண்டது ஏன் என்று விளக்க இதைவிட நல்ல துணைநூல் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி மறுபக்கம். மௌனத்தை ஒப்புதலாகக் கொள்ளும் அவை எவருக்கு வசதி? சங்கத்தில் துறவேற்ற காலத்தின் மூப்புப்படியே இருக்கையும் வணக்கமும் அமைந்தன. புதிதாகச் சேர்ந்த பிக்கு மூத்தோர் முன் எழுந்து மறுப்பது எளிதாக இருந்திருக்காது. அவருடைய அச்சமும் இசைவாகவே பதிவாகியிருக்கும். நம் குழுவில் விருப்பக்குறி வேண்டும் என்று வாதிட்டவர்களுள் பெரும்பாலோர் முதலாண்டு ஆய்வு மாணவர்கள். நீண்ட மறுமொழி எழுதத் துணிவோ ஆங்கிலமோ இல்லாதவருக்கு ஒரு குறியாவது இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். அதை என்னால் எளிதில் தள்ள இயலவில்லை.

ஆனால் அந்தக் குறியோடு பெயரும் தெரிகிறது. தம் நெறியாளரின் கட்டுரைக்கு எழுதப்பட்ட கடுமையான மறுப்பை ஒரு மாணவர் விரும்பியதை அந்நெறியாளர் மறுநாளே காண்பார். சென்ற ஆண்டு அவ்வாறு ஒன்று நடந்தது, விவரம் வேண்டாம். அதன்பின் அம்மாணவர் நெறியாளரின் பதிவுகள் அனைத்துக்கும் தவறாமல் குறியிட்டு வருகிறார். 2024 ஜூனில் எக்ஸ் தளம், ஒருவர் எவற்றை விரும்பினார் என்பதைப் பிறர் காணாதவாறு மறைத்து, எண்ணிக்கையை மட்டும் விட்டுவைத்தது. மறைவாகச் சலாகை பெறும் முறையின் பாதி அது. பதிவின் ஆசிரியருக்கு மட்டும் பெயர்கள் இன்னும் தெரிகின்றன. நம் மாணவருக்கு அச்சம் தருபவரே அந்த ஆசிரியர் எனில் இந்த ஏற்பாடு உதவாது.

ஆகவே குழுவுக்கு நான் எழுதியனுப்பிய முன்மொழிவு இது. குறி இருக்கட்டும். பெயர் எவருக்கும், பதிவை எழுதியவருக்கும்கூட, தெரிய வேண்டாம். விவாதம் நடக்கும் நாட்களில் எண்ணிக்கை மறைந்திருக்கட்டும். இழை மூடப்பட்டபின் வெளிப்படட்டும். பதிவுகள் எழுதப்பட்ட கால வரிசையிலேயே நிற்கட்டும். நாம் மாறவிருக்கும் தளத்தில் முதலிரண்டையும் செய்ய வழியுண்டு என்றும், வரிசையை மாற்ற நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்றும் பொறுப்பாளர் பதில் எழுதியிருக்கிறார். அங்கே சலாகை பகிர்பவர் ஒரு நிரல். ஐந்து தகுதிகளுள் கடைசித் தகுதி, எது பெறப்பட்டது, எது பெறப்படவில்லை என்று அறிவது, அதற்கு நிறையவே உண்டு. மற்ற நான்கைப் பற்றி நிறுவனத்திடம் கேட்டு எழுதியுள்ளோம். பதில் வந்தால் இங்கேயே பகிர்கிறேன்.