நிகழ்பட ஆட்டப் பொறிகளின் பின்னோக்குப் பொறியியல்

நிகழ்பட ஆட்டப் பொறிகளின் பின்னோக்குப் பொறியியல் என்பது, ஒரு நிகழ்பட ஆட்டப் பொறியையோ அதில் இயங்கும் ஆட்டத்தையோ, அதன் வடிவமைப்பு ஆவணங்களும் மூலநிரலும் கையில் இல்லாத நிலையில் ஆராய்ந்து, அதன் உள்ளமைப்பையும் இயங்குமுறையையும் கண்டறிதல் ஆகும். இது ரிவர்ஸ் என்ஜினியரிங் எனவும் அழைக்கப்படுகின்றது. வழமையான பொறியியலில் வடிவமைப்பிலிருந்து பொருள் உருவாக்கப்படுகின்றது. இங்கு பொருளிலிருந்து வடிவமைப்பு வருவிக்கப்படுகின்றது.

உற்பத்தியாளரின் உரிமம் பெறாமல் ஒரு பொறிக்கு ஆட்டம் உருவாக்குதல், ஒரு பொறியைப் போலவே கணினியை இயங்கச் செய்யும் எமுலேட்டர் மென்பொருளை எழுதுதல், உற்பத்தி நின்றுபோன பழைய ஆட்டங்களைப் பாதுகாத்தல் முதலியன இதன் நோக்கங்களாகும். திருட்டுப் படிகளை உருவாக்குவோரும் இதே முறைகளைப் பயன்படுத்துவதுண்டு. இதனால் இத்துறை தொடக்கம் முதலே சட்டச் சிக்கல்களுக்கு உட்பட்டது. ஒரு பொறி எவ்வாறு இயங்குகின்றது என அறிந்துகொள்வதற்கும், பிறர் எழுதிய நிரலைப் படியெடுப்பதற்கும் இடையிலான எல்லை எது என்பதே அச்சிக்கல்களின் மையக் கேள்வியாகும். 1992 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்ட இரண்டு தீர்ப்புகள் இக்கேள்விக்கான விடைக்கு அடித்தளம் இட்டன.

முறைகள்

ஆட்டங்கள் பொதுவாக இயந்திர மொழியில், அதாவது 0, 1 ஆகிய இலக்கங்களின் தொடராக, விற்பனைக்கு வருகின்றன. அவற்றை எழுதியவர் பயன்படுத்திய மாறிகளின் பெயர்களும் விளக்கக் குறிப்புகளும் அத்தொடரில் இருப்பதில்லை. எனவே ஆய்வாளர் பின்வரும் முறைகளைக் கையாளுகின்றனர்.

நினைவகத்தைப் படித்தல்: பேச்சு வழக்கில் கேசட் எனப்படும் கார்ட்ரிட்ஜின் உள்ளே உள்ள ரொம் சில்லில் ஆட்டத்தின் நிரல் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முகவரியாகக் கேட்டு, சில்லு தரும் விடையைப் பதிவுசெய்வதன் மூலம் நிரல் முழுவதையும் ஒரு கோப்பாகப் பெறலாம்.

நிரலைப் பிரித்தெழுதுதல்: அவ்வாறு பெற்ற எண்களை அசெம்பிளி மொழிக் கட்டளைகளாக மாற்றி, ஒவ்வொரு பகுதியும் செய்யும் பணியை உய்த்தறிதல் டிஸ்அசெம்பிளி எனப்படும். எண்களில் எவை கட்டளைகள், எவை படங்களுக்கோ இசைக்கோ உரிய தரவுகள் எனப் பிரித்தறிவது இதிலுள்ள முதற் சிக்கல் ஆகும்.

மின்குறிகளைக் கவனித்தல்: சில்லுகளுக்கு இடையிலான இணைப்புகளில் செல்லும் குறிகளை லாஜிக் அனலைசர் என்னும் கருவியால் பதிவுசெய்து, அவற்றின் ஒழுங்கைக் கண்டறியலாம்.

சில்லைத் திறத்தல்: சில்லின் மேலுறையை அமிலத்தால் கரைத்து, உள்ளிருக்கும் சிலிக்கன் தகட்டை நுண்ணோக்கியால் படம்பிடிப்பர். சில வகை நினைவகங்களில் ஒவ்வொரு பிட்டும் கண்ணால் காணத்தக்க வடிவ வேறுபாடாகவே பதிந்திருக்கும்.

பூட்டுச் சில்லு

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஆம் ஆண்டு சப்பானில் பேமிகாம் என்னும் ஆட்டப் பொறியை வெளியிட்டது. அதில் பூட்டுச் சில்லு எதுவும் இல்லை. 1990களில் தமிழ்நாட்டில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடுவதற்கென விற்கப்பட்ட, கேசட் செருகும் மலிவான பொறிகளுட் பல இந்த பேமிகாமின் நகல்களே ஆகும்.

அப்பொறியின் அமெரிக்க வடிவமான நெஸ் 1985 இல் வெளியானபோது, அதில் டென்-நெஸ் எனப்படும் பூட்டுமுறை சேர்க்கப்பட்டது. பொறியினுள் 4-பிட் நுண்கட்டுப்படுத்திச் சில்லு ஒன்று பூட்டாகவும், கார்ட்ரிட்ஜினுள் அதே வகைச் சில்லு சாவியாகவும் அமைந்தன. பொறியை இயக்கியதும் இரண்டும் ஒரே கணிப்பைத் தனித்தனியே செய்து, விடைகளை ஒன்றுக்கொன்று தொடர்ச்சியாக அனுப்பின. விடைகள் பொருந்தாவிடில் பூட்டுச் சில்லு முதன்மைச் செயலியை மீளத் தொடங்கச் செய்யும். சாவி இல்லாத கார்ட்ரிட்ஜைச் செருகினால் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை இவ்வாறு நிகழ்ந்து, திரை விட்டுவிட்டு மின்னும்.

இச்சில்லின் முக்கியத்துவம் தொழில்நுட்பம் சார்ந்தது மட்டுமன்று. சாவியைத் தரவல்லது நின்டெண்டோ மட்டுமே என்பதால், நெஸ் பொறிக்கு எவர் ஆட்டம் வெளியிடலாம் என்பதையும் அந்நிறுவனமே முடிவு செய்தது. உரிமம் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து புதிய ஆட்டங்களை மட்டுமே வெளியிடலாம் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. உரிமம் பெறாத சிலர் கார்ட்ரிட்ஜிலிருந்து மின்னழுத்தத் துடிப்பொன்றைச் செலுத்திப் பூட்டுச் சில்லைச் செயலிழக்கச் செய்தனர். அட்டாரி கேம்ஸ் நிறுவனம் பூட்டின் இயங்குமுறையையே அறிய முற்பட்டது.

அட்டாரி கேம்ஸ் - நின்டெண்டோ வழக்கு

அட்டாரி கேம்ஸ் முதலில் இரு சில்லுகளுக்கும் இடையிலான குறிகளைக் கவனித்தது. பின்னர் சில்லின் அடுக்குகளை வேதிப் பொருட்களால் நீக்கி, உட்பகுதியை நுண்ணோக்கியால் ஆராய்ந்தது. இம்முயற்சிகளால் நிரலைப் புரிந்துகொள்ள இயலவில்லை. 1987 திசம்பரில் அந்நிறுவனம் நின்டெண்டோவின் உரிமத்தைப் பெற்றுக்கொண்டது.

1988 இன் தொடக்கத்தில் அட்டாரியின் வழக்கறிஞர் ஐக்கிய அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம், பதிவுக்காக ஒப்படைக்கப்பட்டிருந்த டென்-நெஸ் நிரலின் படியொன்றைக் கேட்டு விண்ணப்பித்தார். நடப்பிலுள்ள வழக்கொன்றில் அட்டாரி பிரதிவாதியாக உள்ளது என விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்டது. அவ்வேளையில் அத்தகைய வழக்கு எதுவும் இருக்கவில்லை. படி கிடைத்த பின்னர் அட்டாரி மீண்டும் சில்லுகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, 0, 1 என்னும் இலக்கங்களைக் கையால் எழுதிப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் இருந்த பிழைகள் அலுவலகத்திலிருந்து பெற்ற படியைக் கொண்டு திருத்தப்பட்டன. இதன் அடிப்படையில் ராபிட் எனப் பெயரிடப்பட்ட நிரல் வேறொரு நுண்செயலிக்கு எழுதப்பட்டது. அதைக் கொண்ட கார்ட்ரிட்ஜ்கள் துணை நிறுவனமான டெங்கனின் பெயரில் விற்பனைக்கு வந்தன.

இவ்வழக்கில் கூட்டரசுச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992 செப்டம்பரில் நின்டெண்டோவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் பின்னோக்குப் பொறியியலைக் குற்றம் என அது கூறவில்லை. நிரலில் அடங்கியுள்ள, பதிப்புரிமைக்கு உட்படாத கருத்துகளை அறிவதற்காகச் சட்டப்படி பெற்ற படியை ஆராய்வது நியாயமான பயன்பாடாக அமையலாம் என ஏற்றுக்கொண்டது. அட்டாரி தன்னிடமிருந்த படியைப் பொய்யான காரணம் கூறிப் பெற்றதால், அந்தப் பாதுகாப்பு அதற்குக் கிட்டவில்லை. மேலும், பூட்டைத் திறக்கத் தேவையற்ற சில பகுதிகளும் ராபிட் நிரலில் காணப்பட்டன. நின்டெண்டோ தன் பழைய நிரலிலிருந்து பின்னர் நீக்கிவிட்ட கட்டளைகளுக்கு ஒத்தவையும் அவற்றுள் அடங்கும். இயங்குமுறையை மட்டும் அறிந்து எழுதியிருந்தால் இவை இடம்பெறத் தேவையில்லை என்பதால், அவை படியெடுத்தலுக்குச் சான்றாயின. இரு நிறுவனங்களும் 1994 இல் இணக்கம் கண்டன.

சேகா - அக்கோலேடு வழக்கு

அக்கோலேடு நிறுவனம் சேகாவின் ஜெனிசிஸ் பொறிக்கு உரிமமின்றி ஆட்டங்களை உருவாக்க விரும்பியது. அது ஒரு ஜெனிசிஸ் பொறியையும் மூன்று கார்ட்ரிட்ஜ்களையும் வாங்கி, அவற்றின் நிரல்களைப் பிரித்தெழுதி அச்சிட்டது. மூன்றுக்கும் பொதுவாக இருந்த பகுதிகளை ஒப்பிட்டு, பொறியுடன் ஓர் ஆட்டம் தொடர்புகொள்ளத் தேவையானவை எவை எனக் கண்டறிந்தது. அவ்வாறு அறிந்தவை ஒரு கையேடாக எழுதப்பட்டன. அக்கையேட்டில் பொறியின் செயற்பாடுகள் பற்றிய விளக்கங்கள் மட்டுமே இருந்தன. சேகாவின் நிரல் எதுவும் இருக்கவில்லை. ஆட்டங்கள் அக்கையேட்டைக் கொண்டே உருவாக்கப்பட்டன.

சேகா அடுத்து வெளியிட்ட ஜெனிசிஸ் வடிவத்தில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டிருந்தது. கார்ட்ரிட்ஜின் குறிப்பிட்ட இடத்தில் சேகா என்னும் பெயருக்குரிய நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் மட்டுமே ஆட்டம் இயங்கும். அவ்வெழுத்துகள் இருந்தால், ஆட்டம் சேகாவாலோ அதன் உரிமத்தின் கீழோ தயாரிக்கப்பட்டது என்னும் அறிவிப்பும் திரையில் தோன்றும். இதைக் கண்டறிந்த அக்கோலேடு அவ்வெழுத்துகளைத் தன் ஆட்டங்களில் சேர்த்தது. பதிப்புரிமையும் வணிகக்குறியும் மீறப்பட்டதாகச் சேகா வழக்குத் தொடுத்தது.

1992 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் அக்கோலேடுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டில் இதனை மாற்றியது. ஒரு நிரலின் பாதுகாக்கப்படாத செயற்பாட்டுக் கூறுகளை அறிய வேறு வழியில்லாதபோது, ஏற்புடைய நோக்கத்துடன் அதைப் பிரித்தெழுதுதல் நியாயமான பயன்பாடே என அது தீர்ப்பளித்தது. பொய்யான அறிவிப்பு திரையில் தோன்றுவதற்கும் சேகா தானே அமைத்த பூட்டுமுறையே முதன்மைக் காரணம் எனக் கூறியது.

தீர்ப்புகளின் விளைவு

இரு வழக்குகளிலும் நிரலை ஆராயும் செயல் ஏறக்குறைய ஒன்றே. படி எவ்வாறு பெறப்பட்டது, ஆராய்ந்தவற்றுள் எது புதிய பொருளினுள் சென்றது என்னும் இரண்டிலேயே வேறுபாடு உள்ளது. ஆராய்பவரையும் புதிய நிரலை எழுதுபவரையும் பிரித்து, இருவருக்கும் இடையே விளக்க ஆவணம் மட்டும் கைமாறச் செய்யும் தூய அறை முறை இதே வேறுபாட்டைப் பேணுவதற்கானது. 2000 ஆம் ஆண்டில் சோனி - கனெக்டிக்ஸ் வழக்கில் அதே ஒன்பதாம் சுற்று நீதிமன்றம், பிளேஸ்டேசன் எமுலேட்டரை எழுதுவதற்காக அப்பொறியின் அடிப்படை நிரலை இடைநிலையில் படியெடுத்ததையும் நியாயமான பயன்பாடாக ஏற்றது.

ஐரோப்பிய சமூகத்தின் 1991 ஆம் ஆண்டு மென்பொருள் நெறிமுறையும், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999 இல் செய்யப்பட்ட திருத்தமும், மென்பொருட்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு வரையறைகளுடன் இடமளிக்கின்றன. மறுபுறம், ஐக்கிய அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டு எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்புப் பூட்டுகளைத் தகர்ப்பதையே தனிக் குற்றமாக்கியது. இணைந்தியங்கல் தேவைக்கு அதில் குறுகிய விலக்கு உண்டு.

மறைகுறியாக்கக் காலம்

பிற்காலப் பொறிகளில் பூட்டுச் சில்லின் இடத்தை மறைகுறியாக்கம் பிடித்தது. மைக்ரோசாப்ட் 2001 இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் பொறியின் தொடக்க நிரல் ஒரு சில்லினுள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், இரு சில்லுகளுக்கு இடையிலான அதிவேக இணைப்பில் செல்லும் குறிகளைப் பதிவுசெய்து, அதிலிருந்த இரகசியச் சாவியை 2002 இல் பெற்றார். பிளேஸ்டேசன் 3 பொறியில், கையொப்பமிடும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கவேண்டிய எழுமாற்று எண் மாறாமல் பயன்படுத்தப்பட்டிருந்தது 2010 திசம்பரில் வெளிப்படுத்தப்பட்டது. இப்பிழையால் சோனியின் இரகசியச் சாவியைக் கணக்கிட இயன்றது.

பாதுகாத்தலில் பங்கு

பொறிகள் பழுதடைந்து, அவற்றின் ஆவணங்களும் கிடைக்காதபோது, பின்னோக்குப் பொறியியலே அவற்றை அறியும் வழியாகின்றது. நெஸ் பொறியின் செயலி 6502 என்னும் நுண்செயலியின் வழிவந்தது. விசுவல் 6502 என்னும் திட்டத்தினர் அந்நுண்செயலியின் ஒளிப்படங்களிலிருந்து, அதன் டிரான்சிஸ்டர்கள் அளவிலான கணினிப் போலச்செய்தலை 2010 இல் வெளியிட்டனர். நெஸ் செயலியின் ஒளிப்படங்களை இதனுடன் ஒப்பிட்டபோது, பதின்மக் கணிப்புப் பகுதி நீக்கப்படாமல், சில டிரான்சிஸ்டர்களை அகற்றுவதன் மூலம் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது.

ஆட்டங்களின் மூலநிரலை மீட்டெழுதும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 1996 இல் வெளியான சூப்பர் மாரியோ 64 ஆட்டத்தின் இயந்திரக் குறிமுறையை ஆர்வலர்கள் சி மொழியில் மீண்டும் எழுதி 2019 இல் வெளியிட்டனர். பழைய கம்பைலரைக் கொண்டு மாற்றினால், அந்நிரல் அசல் ஆட்டத்துடன் ஒவ்வொரு பைட்டும் ஒத்த கோப்பைத் தருகின்றது. ஆட்டத்தின் படங்களும் ஒலிகளும் இத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அவற்றைப் பயனர் தம்மிடமுள்ள ஆட்டப் படியிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். எனினும் இம்முறையில் மீட்டெழுதப்பட்ட நிரல் அசல் நிரலிலிருந்தே வருவிக்கப்படுவதால், அக்கோலேடின் கையேட்டைப் போன்று செயற்பாட்டு விளக்கங்களுடன் மட்டும் நின்றுவிடுவதில்லை. இத்தகைய நிரல்களைப் பிறருக்கு வழங்குதல் நியாயமான பயன்பாட்டின் எல்லைக்குள் அடங்குமா என்னும் கேள்விக்கு 1992 ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் நேரடியாக விடையளிக்கவில்லை.