செத்த விதை சாட்சி சொல்லாது

அரிசியில் கல் கலக்கிற வியாபாரியை நாம் அறிவோம். விதையைக் கொன்று விற்ற வியாபாரியைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது.

நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில். டர்னிப் கிழங்கின் விதை சின்னஞ்சிறு உருண்டை. காட்டுக் கடுகும் பார்வைக்கு அதே மாதிரி. விலையோ கொள்ளை மலிவு. இரண்டையும் கலந்தால் லாபம்தான். ஆனால் கடுகு முளைத்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அதனால் முதலில் அதைச் சூடு காட்டிச் சாகடித்தார்கள். செத்த விதை சாட்சி சொல்லாது. பயிர் பாதிதான் வந்ததென்றால் குடியானவன் மழையைத் திட்டுவான். இல்லாவிட்டால் தன் தலையெழுத்தை நொந்துகொள்வான்.

விதையைக் கொல்வதும் அதற்குச் சாயம் ஏற்றுவதும் குற்றம் என்று 1869-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. அதே வருஷம் ஜெர்மனியில், ஸாக்ஸனியைச் சேர்ந்த தாரண்ட் என்ற ஊரில், பிரெடரிக் நோபே என்ற தாவர நூல் ஆசிரியர் விதைகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். உலகத்தில் அதுவே முதலாவது.

“இதற்கு ஒரு நிலையமா? ஈரத் துணியில் முடிந்து வைத்தால் மூன்றாம் நாள் தெரிந்துவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். எத்தனை ஈரம், எத்தனை சூடு என்பதில்தான் வம்பே இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் விதை கண் விழிக்காது. அதிகமானால் பல விதைகள் காற்றில்லாமல் மூச்சு முட்டிப் போகும். லெட்யூஸ் கீரை விதை 20 டிகிரியில் சமர்த்தாக முளைக்கும். 30-ஐத் தாண்டினாலோ பல ரகங்கள் உயிரை வைத்துக்கொண்டே முளைக்க மறுக்கும். சில புல் விதைகளுக்கு 16 மணி நேரம் 20 டிகிரி, 8 மணி நேரம் 30 டிகிரி என்று இரவும் பகலும் போல மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் திருப்தி.

ஆக, ஒரே மூட்டை ஓர் ஊரில் நல்ல விதை என்றும், வேறோர் ஊரில் மட்டம் என்றும் பெயர் வாங்கலாம். நாணயமான வியாபாரிக்கு வீண் பழி. ஏமாற்றுகிறவனுக்கோ தப்பிக்க வழி.

இதைத் தீர்க்க 1924-ல் கேம்பிரிட்ஜில் பல தேசத்தாரும் கூடிச் சர்வதேசச் சங்கம் அமைத்தார்கள். 1931-ல் பொது விதிகள் வந்தன. இன்றைய விதிப்படி 400 விதைகளை எண்ணி, நூறு நூறாகப் பரப்பி, அந்தந்தப் பயிருக்குச் சொன்ன ஈரத்திலும் உஷ்ணத்திலும் வைக்கிறார்கள். நூறுகளுக்குள் வித்தியாசம் வரம்பு மீறினால் மறுபடியும் சோதனை.

எனக்கு இது கோர்ட்டில் சாட்சி விசாரிப்பதைப் போலத் தோன்றுகிறது. எந்த ஊர்க் கோர்ட்டானாலும் கேட்கும் கேள்வி ஒன்றாக இருந்தால்தானே, விதை சொல்லும் பதிலைக் குடியானவன் நம்பி மண்ணில் போடலாம்?