ஓசையில்லாத கத்தி

பழைய மடக்குக் கத்தி ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் அலகைப் பார்ப்பதில்லை. காதருகே வைத்து விரிப்பேன், மடக்குவேன். வில் உயிரோடு இருக்கிறதா, ஆணி தளர்ந்திருக்கிறதா, முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் போட்டாரா என்று சத்தமே சொல்லிவிடும்.

அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் இது. சந்தவாசலில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அவர் பட்டு நெய்தார். சேலை முடிந்து அறுக்கிற நாளில் மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து நகத்தால் அலகை இழுப்பார். 'டப்' என்று ஒரு சத்தம். அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கு அது கேட்டுவிடும். ஆரணிக்குப் போய்க் கூலி வாங்கி வரலாம் என்று அதற்கு அர்த்தம். இடது கையால் பாவை இழுத்துப் பிடித்து, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை அறுப்பார். அதே கத்தியின் முனையால் தறிக்கம்பத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டு மடக்கி வைப்பார்.

அந்தக் கத்தியோடு சேர்த்து இப்போது என் தகரப் பெட்டியில் பதினேழு கத்திகள் இருக்கின்றன. போன பொங்கலுக்கு வந்த பேரன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ரவுடிங்க வெச்சிருக்கிறதுதானே தாத்தா?" என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை. சினிமாவில் மடக்குக் கத்தி விரிந்தால் அடுத்த காட்சியில் ரத்தம். ஆனால் என் பெட்டியில் இருப்பவற்றிலேயே மூத்தது ஓலையில் எழுதியவர் ஒருவருடைய கத்தி. அதிலிருந்துதான் அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

1987-ல் ஆரணியில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஆணிகளும் தாழ்ப்பாள்களும் கிடந்த கூடைக்குள் அது இருந்தது. கடைக்காரர் எடை போட்டுத்தான் கொடுத்தார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மூன்றாம் நாள் பிரித்தபோது ஒரு பக்கம் சின்ன அலகு வந்தது, மறு பக்கம் கூரான ஊசிமுனை வந்தது. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கின. மடக்கெழுத்தாணி.

எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் உண்டு. குண்டெழுத்தாணிக்குத் தலையில் கனமான குண்டு இருக்கும். வாரெழுத்தாணியின் மறுமுனையில் ஓலை வாரும் கத்தி இருக்கும். அதற்கு உறை வேண்டும். மடக்கெழுத்தாணிக்கு அதன் பிடியே உறை. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர், பிள்ளைப் பருவத்தில் இந்தக் கருவிகளோடுதான் எழுதப் பழகினார். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் பாட்டுச் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஓலையில் எழுதிக்கொண்டே போவார்கள்.

ஓலையில் எழுதுவதில் பாதி வேலை கத்திக்கு. நரம்பைக் கழிக்க வேண்டும், ஓரத்தை ஒரே அகலமாக வார வேண்டும், நறுக்க வேண்டும், கயிறு கோக்கத் துளை போட வேண்டும். அதன் பிறகுதான் எழுத்து. இடது கைக் கட்டைவிரல் நகத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, அதில் எழுத்தாணியைச் சாய்த்துக்கொள்வார்கள். எழுத்தாணி அதிகம் நகராது, ஓலைதான் நகரும். கீறி முடித்ததும் கரியும் இலைச்சாறும் தடவினால் எழுத்து கறுப்பாகத் தெரியும். ஓலையைப் பூச்சி அரிக்கும், சில நூறு வருஷத்தில் உளுத்துப்போகும். அதற்குள் யாராவது புது ஓலை வாரி, பார்த்து எழுத வேண்டும். நம் பழைய நூல்கள் இப்படிக் கை மாறிக் கை மாறித்தான் அச்சுக்கூடம் வரை வந்தன.

இந்த மடக்கெழுத்தாணியை விரித்தால் சத்தமே வராது. உள்ளே வில் கிடையாது. ஆணியை இறுக்கி அடித்த அந்த உராய்வு மட்டுமே அலகைப் பிடித்திருக்கிறது. ஆரம்பத்தில் இது எனக்குக் குறையாகத் தெரிந்தது. பனை ஓலை ஒன்றை வாரிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கூர்ப்பக்கத்தை வைத்து அழுத்தி அறுக்கும்போது, அந்த அழுத்தமே அலகை விரிந்த நிலையில் தள்ளி வைக்கிறது. மடங்குகிற ஆபத்து கத்தியால் குத்தும்போதும், அதன் முதுகில் அழுத்தம் விழும்போதும்தான். ஓலை வாருகிறவர் இரண்டையும் செய்வதில்லை. அந்த வேலைக்குப் பூட்டு தேவைப்படவில்லை.

பெட்டியில் அடுத்தது பேனாக்கத்தி. 1983-ல் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சந்தையே தீயில் போய்விட்டது. அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் சிலுவையும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி முத்திரை, 1764-ல் பெற்றது. பேனாக்கத்தி என்ற பேரும் எழுத்திலிருந்து வந்ததுதான். இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி அது. 19-ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமின் எஃகு நிப்பு வந்ததும் இறகு போயிற்று, கத்தியும் பேரும் தங்கிவிட்டன. அதே நூற்றாண்டில் இங்கே காகிதம் வந்து ஓலையைத் தள்ளியது. இரண்டு நாட்டிலும் எழுதுகிறவர் கையில் இருந்த கத்தி ஒரே காலத்தில் தன் முதல் வேலையை இழந்தது.

ராட்ஜர்ஸ் கத்திகளின் வயதைச் சொல்ல முத்திரையில் ஒரு வழி இருக்கிறது. கிரீடத்தின் இரு பக்கமும் 'வி', 'ஆர்' என்று எழுத்து இருந்தால் விக்டோரியா ராணி காலம், 1901-க்குள் செய்தது. 'இ', 'ஆர்' இருந்தால் எட்வர்டு காலம், 1910 வரை. 'ஜி', 'ஆர்' என்றால் அதற்குப் பிந்தியது. என்னுடையது விக்டோரியா காலத்தது. பிடி மான்கொம்பு. ஷெஃபீல்டுக்காரர்கள் பிடிக்காக இந்தியாவிலிருந்து கடமான் கொம்பை இறக்குமதி செய்தார்கள். நம் காட்டு மான் உதிர்த்த கொம்பு கப்பலேறிப் போய், பிடியாகித் திரும்பி வந்திருக்கிறது.

பேனாக்கத்தியின் முதுகுக்குள் ஒரு வில் உண்டு. அது அலகின் அடியை அழுத்திக்கொண்டே இருக்கும். விரித்தாலும் மடக்கினாலும் அலகைச் 'சட்'டென்று இழுத்துக்கொள்ளும். அப்பாவின் 'டப்' அந்த வில்லின் சத்தம்தான். ஆனால் அது பூட்டு அல்ல. பலமாக அழுத்தினால் மடங்கும்.

பூட்டுள்ள கத்தி வேறு சாதி. விரித்தால் முதலில் ஓசை அடங்கி வரும், கடைசியில் ஒரு 'டக்'. பிடியின் முதுகில் நீளமான இரும்புத் துண்டு ஒன்று நடுவில் ஆணியடித்து, ஏற்றம் இறைக்கும் மரம் போல இரண்டு பக்கமும் ஆடுகிறது. அதன் முன்னால் ஒரு பல். அலகு முழுக்க விரிந்ததும் அந்தப் பல் அலகின் அடியில் உள்ள காடிக்குள் விழுந்துவிடும். பின்னால் கட்டைவிரலால் அழுத்தினால்தான் பல் எழும்பும், அலகு மடங்கும். முதுகில் இருப்பதால் நான் இதை முதுகுப் பூட்டு என்பேன். 1964-ல் அமெரிக்காவின் பக் கம்பெனி வேட்டைக்காரர்களுக்காகச் செய்த 110 என்ற கத்திதான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தோல் உரிக்கிறவருக்குக் கத்தி நடுவில் மடங்கினால் விரல் போய்விடும். பிரான்சின் ஒப்பினெல் கம்பெனி அதே பயத்துக்கு 1955-ல் வேறு வழி கண்டது: கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருப்பினால் அலகு அசையாது.

பழைய முதுகுப் பூட்டுக் கத்தியை வாங்கும்போது அலகை விரித்து, மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பல்லோ காடியோ தேய்ந்திருக்கிறது. மடக்கிய நிலையில் அலகின் முனை பிடிக்கு வெளியே எட்டிப் பார்த்தால், முனை ஒடிந்து யாரோ திரும்ப அராவியிருக்கலாம். சாணை பிடித்துப் பிடித்து ஒடுங்கிப்போன அலகுக்குச் சந்தையில் விலை குறைவு. எனக்கு அதுதான் பிடிக்கும். வேலை செய்த கத்தி அது.

பேரன் சினிமாவில் பார்த்தது ராம்பூர் கத்தி. உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் பித்தளைப் பிடி போட்டுக் கையாலேயே செய்தார்கள். சில வகையில் அலகின் அடியில் பல்வரிசை வெட்டியிருப்பார்கள், விரிக்கும்போது 'கடகட' என்று ஓடும். ஸ்பெயினின் பழைய நவாஹா கத்தியிலும் அந்தச் சத்தம் உண்டு. எதிரில் நிற்பவர் காதுக்காகவே செய்த சத்தம் போல இருக்கும். 1990-களில் அந்த மாநில அரசு நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு வைக்கக் கூடாது என்று தடுத்தது. அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2023-ல் ராம்பூரில் ஒரு நாற்சந்தியில் இருபது அடி உயரத்தில் கத்திச் சிலை வைத்தார்கள். கத்தி செய்த கைகளில் பெரும்பாலானவை அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டன. அந்தத் தொழிலாளிகளை நினைத்தால் நெசவுக்காரனான எனக்கு மனசு வலிக்கிறது. படத்தில் வில்லன் கையில் இருந்ததற்காக ஒரு ஊரின் கைவேலையே கெட்ட பேர் எடுத்தது.

பேரனுக்கு இவ்வளவும் சொன்ன பிறகு அப்பாவின் பேனாக்கத்தியைக் கொடுத்தேன். முத்திரை முழுக்கத் தேய்ந்துவிட்டது, எந்த ஊர்க் கத்தி என்று படிக்க முடியாது. விரித்தான். 'டப்.' தறியிடம் கூட்டிப்போய்க் கம்பத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன். இடுப்பு உயரத்திலிருந்து தரை வரை கீறல்கள். ஒரு சேலைக்கு ஒரு கோடு, பத்தாவது சேலைக்குக் குறுக்கே ஒரு கோடு. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருபத்தாறு வருஷக் கணக்கு அந்தக் கம்பத்தில் இருக்கிறது.

பேரன் தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து, மேலிருந்து எண்ண ஆரம்பித்தான்.