லீராய் ஜென்கின்ஸ்

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டில் 2005-இல் ஒரு குழுவினர் வெளியிட்ட காணொளியின் நாயகன். விளையாட்டுச் சமூகங்களின் உள்வட்ட நகைச்சுவைக்கு மிகத் தெளிவான சான்று. டிராகன் முட்டைகள் நிறைந்த அறைக்கு வெளியே வீரர்கள் தாக்குதலைத் திட்டமிடுகிறார்கள். பிழைக்கும் வாய்ப்பைத் தசமப் புள்ளிவரை ஒருவர் கணக்கிட்டுச் சொல்கிறார். அதுவரை பேச்சில் கலந்துகொள்ளாத லீராய், தன் பெயரைக் கத்தியபடி தனியே உள்ளே பாய்கிறான். காப்பாற்றப் பின்தொடர்ந்த அனைவரும் மடிகிறார்கள். திட்டும் நண்பர்களிடம், தன்னிடம் கோழிக்கறியாவது இருக்கிறது என்கிறான்.

இத்தகைய கேலி புதியவர்களை ஒதுக்கும் வேலி என்ற குறை உண்டு. அது முழுப் பொய்யல்ல. ஆனால் இங்கே கேலிக்குள்ளாவது அறியாதவர் அல்லர், மிகையான திட்டமிடலும் பொறுமையின்மையும்தான். இரண்டும் எந்த அணியிலும் உள்ளவை. காட்சி முன்கூட்டியே நடித்து எடுக்கப்பட்டது என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், 2017-இல் வெளியான ஒத்திகைப் பதிவு அதை உறுதிசெய்தது. எனினும் நாடகம் என்பதால் நகைச்சுவை பொய்த்துவிடவில்லை. இப்படி ஓர் அணி சிதைந்ததைப் பார்த்தவர்களே அதைப் பரப்பினார்கள். விளையாட்டை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனமும் அதை ஏற்றது: 15 நொடிக்குள் 50 டிராகன் குஞ்சுகளைக் கொன்றால் ‘ஜென்கின்ஸ்’ பட்டம். ‘ஹார்த்ஸ்டோன்’ சீட்டாட்டத்தில் லீராய் சீட்டு உடனே பாய்ந்து தாக்கும். கூடவே எதிரிக்கு இரண்டு குஞ்சுகளையும் கொடுத்துவிடும்.